இரண்டா, நான்கா என்று நீ கேட்டதற்கு

சாமி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பெங்களூரில் நீ காலையில் எழுந்ததும் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒரு மெயில் வந்து கிடப்பதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. அப்பா நன்றாக இருக்கிறார், உள்ளே தூங்குகிறார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் பஸ்ஸில் நின்றுகொண்டு மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய் என்பதால்தான் மெயில். உட்கார்ந்து படி.

சாயங்காலம் ஃபோனில் நீ கேட்ட கேள்விக்கு இது பதில். "அம்மா, முதல் சம்பளத்துல ஆடியோ இன்டர்ஃபேஸ் மாத்தலாம்னு இருக்கேன். ரெண்டு இன்புட் வாங்கறதா, நாலு வாங்கறதா? நீ சொல்றதுதான்" என்றாய். நீ சொல்றதுதான். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நான் பதில் சொல்வதற்குள் நீயே சிரித்துக்கொண்டு, "மாலதி சித்திகிட்டக் கேட்டா, நாளைக்கே வாங்கித் தாரேம்பாங்க. அப்பறம் மூணு வருசம் ஆகும்" என்றாய். நானும் சிரித்தேன். உன்னோடு சேர்ந்து, என் கூடப் பிறந்த தங்கையை நினைத்துச் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன். நீ சேலத்தில் கல்லூரி முதலாண்டு சேர்ந்தபோது, தினமும் நாமக்கல்லில் இருந்து பஸ்ஸில் போய் வந்தாய். நான் ஹாஸ்டல் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரார் பிள்ளைகளை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் ஸ்டடி டியூட்டி எனக்கு வாரத்தில் நான்கு நாள். நான் வீடு வரும்போது நீ சாப்பிட்டுத் தூங்கியிருப்பாய். நீ கல்லூரியில் யாரோடு சேர்கிறாய், என்ன வாசிக்கிறாய், எதற்குச் சிரிக்கிறாய் என்பதெல்லாம் எனக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மாலதிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் அபார்ட்மென்ட் உன் கல்லூரிக்குப் பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே இறங்கினால் சனி மத்தியானம்தான் வீட்டுக்கு வருவாய். நல்லதுதானே, பஸ்ஸில் அலைச்சல் மிச்சம் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாழினியின் எட்டாவது பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் அங்கே போயிருந்தோம். மாலதி மகள் பலூனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுத்தபடி வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். எனக்குப் பிடித்திருந்தது. "யார் பாட்டு கண்ணு அது?" என்று கேட்டேன். அவள் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணன் பாட்டு பெரீம்மா. உங்களுக்குத் தெரியாதா? அம்மா ஃபோன்ல இருக்குதே." நான் கேக் தட்டை வாங்கிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ முதன்முதலாகப் போட்ட பாட்டு. லேப்டாப்பில், காதில் மாட்டும் ஹெட்செட் மைக்கிலேயே பாடிப் பதிவு செய்தது. அது மாலதி ஃபோனில் இருந்தது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கல்லூரி இறுதியாண்டுத் தேர்வு எழுதியவள் நான். ஃபிசிக்ஸ் பிராக்டிகல் அறையில் ஸ்டூலில் உட்காரக் கூடாது என்று சொன்ன மேடத்தோடு சண்டை போட்டு உட்கார்ந்தவள். என் ஃபோனில் அந்தப் பாட்டு இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய். நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு என்ன இருக்கிறது என்று வீம்பு. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன், படிக்க ஆரம்பித்தேன். நீ அப்போது ஹெட்செட் மைக்கில் பாடினால் கரகரவென்று இருக்கிறது, நல்ல மைக்கும் ஒரு இன்டர்ஃபேஸும் வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தாய். அப்பா அதை இன்றைக்கும் 'மைக் பொட்டி' என்றுதான் சொல்கிறார். அது என்ன பெட்டி, மைக்கில் இருந்து வரும் அத்தனை சின்ன மின்சாரத்தை எப்படித் தூக்கி, எப்படி எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேப்பர் திருத்துகிற நேரத்தில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கண்டென்சர் மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் எதற்கு, சத்தத்தைக் கூட்டும் கெயினை எந்த அளவுக்குத் திருகினால் குரல் உடையும், நாம் பாடுவது நம் காதுக்கே கொஞ்சம் பிந்தி வந்து விழுந்தால் தாளம் எப்படித் தப்பும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் நீ வாயைப் பிளக்கும்படி ஒரேயடியாகச் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

நம் வீட்டில் பதிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் லாரி பாடி கட்டுகிற பட்டறை. தகரத்தை அடிக்கிற சத்தம், கிரைண்டர், வெல்டிங். ஆட்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் ஒரு மணி நேரம்தான் உனக்குக் கிடைக்கும். லீவு நாளில் நான் போய் வெல்டர் செந்திலிடம், இன்னும் பத்து நிமிஷம் பொறுத்து ஆரம்பிங்க என்று கெஞ்சுவேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏனுங்க்கா, தம்பி இன்னும் அந்த ஒரு வரியத்தான் பாடிக்கிட்டு இருக்குதுங்களா? நாங்க இந்நேரத்துக்கு ஒரு பக்கத்துக் கதவையே மாட்டியிருப்போமுங்க" என்பார். அப்பாவோ, "ஏம்புள்ள, வண்டிக்காரன் வந்து வாசல்ல நிக்கிறான், நீ என்ர ஆளுகளத் தாலாட்டிக்கிட்டு இருக்கற" என்று சத்தம் போடுவார். இதெல்லாம் நீ அறைக்குள் கதவைச் சாத்தியிருந்தபோது நடந்தவை.

அடி சத்தம் நின்றாலும் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருந்தது. வெல்டிங் மெஷினும் உன் அறையும் ஒரே லைனில் ஓடுவதாலும் எர்த் சரியில்லாததாலும் வருவது அது என்று நான் கண்டுபிடித்தேன். எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, பின்பக்கம் புதிதாகக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த் கெட்டுவிடும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பங்குனி, சித்திரை முழுக்கத் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். செடிக்கு ஊற்றுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அங்கே செடி ஏது? இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. நீ அதைக் கவனிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மாலதி வீட்டில் இருந்து வந்து, ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே, "சித்தி ஊட்டுல ஹம்மே இல்லம்மா. சித்தி செவுத்துல ஜமக்காளம் எல்லாம் தொங்க விட்டிருக்காங்க. என்னா அமைதி தெரியுமா" என்றாய். நான் சரி சாப்பிடு என்றேன். குடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துகொண்டு, நீ கேட்கவில்லை என்று கோபப்பட்டேன். இது என்னுடைய பழைய பழக்கம். உனக்கு இது வராமல் பார்த்துக்கொள். செய்ததைச் சொல்லிவிடு. சொல்லாமல் வைத்திருந்தால் அது உள்ளே கிடந்து புளிக்கும்.

பிறகு அந்த இரண்டா நான்கா சண்டை வந்தது. நீயும் கிட்டார் வாசிக்கும் இர்ஃபானும் கீபோர்டு வாசிக்கும் நவீனும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றீர்கள். நான் மைக்கோ வயரோ சொருக இரண்டு இன்புட் உள்ள பெட்டி போதும் என்றேன். மாலதி, நான்கு உள்ளதாக ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நீ ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாய்.

"அக்கா, மூணு பேரு வாசிக்கறதுக்கு ரெண்டு எப்படிக்கா பத்தும்?" என்றாள் மாலதி.

"நாலுன்னு பொட்டி மேலதான் போட்டிருக்கான். மைக் சொருகற ஓட்டை ரெண்டுதான். பின்னாடி இருக்கற ரெண்டுலயும் மைக் வேலை செய்யாது. லைன் மட்டுந்தான். வெறும் ஏமாத்து" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. கடையில கேட்டேன், கீபோர்டு இருந்தா இத வாங்குங்கன்னாங்க."

"கடைக்காரன் விக்கறதுக்குச் சொல்லுவான். நான் ஃபிசிக்ஸ் படிச்சுட்டுச் சொல்றேன்."

நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்கிற பார்வை. நான் எதிர்பார்த்திருந்த அதே பார்வை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை சாமி. ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. மைக் வேலை செய்யாத அந்தப் பின்பக்கத்து இரண்டு துளைகள் கீபோர்டுக்காகவே இருப்பவை. கீபோர்டுக்கு மைக் எதற்கு? இரண்டு வயரை எடுத்துப் பின்னால் சொருகினால் முடிந்தது. முன்னால் ஒன்றில் உன் குரல், இன்னொன்றில் இர்ஃபானின் கிட்டார். உங்கள் மூன்று பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது மாலதி சொன்ன பெட்டி. ஒன்றும் படிக்காமல் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு அவள் சரியானதைப் பிடித்துவிட்டாள். அத்தனை வீடியோ பார்த்த எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் மறைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். இரண்டு இன்புட் என்றால் நீ தனியாக, நம் வீட்டில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பாடுவாய். நான்கு என்றால் மூன்று பேர், மூன்று பேர் என்றால் பெரிய அறை, பெரிய அறை என்றால் ஃபேர்லேண்ட்ஸ். சனி மத்தியானம் வருகிறவன் ஞாயிறு ராத்திரி வருவாய். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். வேறு எந்த எலக்ட்ரானிக்ஸும் அதில் கிடையாது.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று சொன்னேன்.

உன் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு மாலதி எனக்கு ஃபோன் செய்தாள். "அக்கா, அந்த நாலு இன்புட்டையே ஆர்டர் போட்டுட்டேன். இங்க வரவெச்சா நான் குடுத்த மாதிரி ஆயிரும். உங்க ஊட்டு அட்ரஸுக்கே போட்டிருக்கேன். உன்ர கையால குடு. அவங்கிட்ட வாங்கித் தாரேன்னு மட்டும் சொல்லியிருக்கேன், எப்பன்னு சொல்லல" என்றாள். எவ்வளவு நல்ல மனசு பார். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. என் மகனுக்கு நான் எதைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவளே முடிவு செய்து, கொடுக்கிற புண்ணியத்தை மட்டும் எனக்குப் பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது. சரி என்று சொன்னேன். அன்றைக்கே என் பங்குக்கு நான் தேர்ந்தெடுத்த இரண்டு இன்புட் பெட்டியை வாங்கிவிட்டேன்.

அவள் அனுப்பியது ஒரு வியாழக்கிழமை வந்தது. நீ கல்லூரியில் இருந்தாய். எனக்குப் பள்ளியில் விடுமுறை. பார்சல் கொண்டு வந்தவர் நடு வயதுக்காரர், பட்டறை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உன் பேரைப் படித்தார்.

"இது வேணாமுங்க. திருப்பி எடுத்துக்கங்க" என்றேன்.

"பணமெல்லாம் கட்டியிருக்குதுங்களே அக்கா."

"பரவால்லீங்க. வேணாம்."

அவர் ஃபோனை எடுத்து எதையோ அழுத்தினார். "காரணம் கேக்குதுங்க. மாத்தி வந்துருச்சு, ஒடைஞ்சு போச்சு, ஆள் ஊட்டுல இல்ல, வாங்கறவங்க வேணாம்னுட்டாங்க. நாலுல எதைப் போடறதுங்க?"

நான் நின்றேன். உள்ளே செந்தில் ஒரு தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். "கடைசியா சொன்னதப் போடுங்க" என்றேன். பொய்யான மூன்று காரணங்கள் கையில் இருந்தும் உண்மையைத்தான் போடச் சொன்னேன். அந்த நேரத்துக்கு அவ்வளவு திமிர். அவர் பெட்டியைத் திரும்பவும் பைக்குள் வைத்து, "நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா அக்கா, பொறகு வருத்தப்படக் கூடாது" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

பிறந்தநாள் காலையில் என் பெட்டியை உன் கையில் கொடுத்தேன். சந்தோஷப்பட்டாய், இல்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாய், என்னைக் கட்டிக்கொண்டாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "சித்தி ஒண்ணு வாங்கித் தாரேன்னாங்க" என்றாய். நான் அடுப்பைப் பார்த்தபடி, "சொல்லுவாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் அவளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அன்று மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "அக்கா, பார்சல் எனக்கே திரும்ப வந்துட்டு இருக்குதாம். வேணாம்னு சொன்னதாப் போட்டிருக்கு." "யாரும் வரலியே" என்றேன் நான். "சரிக்கா" என்றாள். அதை அவள் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுவாரம் நீ அவளிடம் கேட்டபோது, இப்போ கொஞ்சம் கை இறுக்கமா இருக்குது சாமி, அப்பறம் பாக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். நீ என்னிடம் வந்து, "முடியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நான் நவீன்கிட்ட எல்லாம் நாலு வருதுன்னு சொல்லிட்டேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். நான் உனக்குத் தோசை ஊற்றினேன். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து நானும் அவள் மேல் வருத்தப்படுவதைப் போல உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது சுகமாக இருந்தது. இதைத்தான் எழுதக் கூசுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நீயும் இர்ஃபானும் முதலில் வாசிக்க, நவீன் தனியாக ஒரு நாள் வந்து அதன் மேல் கீபோர்டு வாசிக்க, ஒட்டவே இல்லை. அவன் இரண்டு முறை வந்தான், மூன்றாவது முறை வரவில்லை. இர்ஃபான் வேறு ஆட்களோடு சேர்ந்துகொண்டான். நீ வெள்ளிக்கிழமை நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நீ உன் அறையில் தனியாக உட்கார்ந்து பாடினாய், சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து கேட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு பழகிப் பார்க்க இங்கே வரும்போது, ஒரு வரி முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பீர்களே, அது இல்லை. தீபாவளிக்கு மாலதி வந்தால், வாங்க சித்தி என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாய். அவள் உன் கதவையே பார்த்துக்கொண்டு காபி குடிப்பாள். நான் அவளிடம் முறுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

இன்று நீ ஃபோனை வைத்த பிறகு மாலதியைக் கூப்பிட்டேன். யாழினி வீட்டுப்பாடம் எழுதுகிறாள், சத்தம் போடாமல் பேசுகிறேன் என்று பால்கனிக்கு வந்தாள். "மாலு, அந்தப் பார்சலத் திருப்பி அனுப்பினது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்பத்துல இருந்து?"

"அன்னிக்கே. எடுத்துட்டு வந்தவர்கிட்டயே பேசினேன். அக்கா நின்னு யோசிச்சுத்தான் சொன்னாங்கன்னு சொன்னாரு."

"அப்பறம் ஏன்டி அவங்கிட்டக் கை இறுக்கம்னு பொய் சொன்ன?"

"நீ திருப்பி அனுப்பினதச் சொல்ல முடியுமா? அவன் என்கூடப் பேசாமப் போனா எனக்குக் கஷ்டந்தான், தாங்கிக்குவேன். உன்கூடப் பேசாமப் போனா நீ என்னக்கா ஆவ?" பிறகு சொன்னாள், "இப்பவும் அவங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. முடிஞ்சு போனது. ஒன்னையத் தப்பா நெனச்சுக்குவான்."

இதைக் கேட்டு நான் அழுதிருப்பேன் என்று நீ நினைக்கலாம். அழவில்லை. எனக்கு வந்தது பொறாமைதான். மூன்று வருடம் உன் கோபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் பெரிய மனசு மேல் எனக்குப் பொறாமை. உனக்காக ஒரு பொருளை மட்டும் அவள் விட்டுக்கொடுத்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், உன்னையே அல்லவா எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் உனக்காக எதையும் விட்டுக்கொடுத்ததில்லையே என்று யோசித்துப் பார்த்தேன். தூக்கம், வேலை, உடம்பு எல்லாம் கொடுத்திருக்கிறேன். உன்னை மட்டும் ஒருபோதும் யாருக்கும் கொடுத்ததில்லை. அவள் சொல்ல வேண்டாம் என்றதால்தான் இதைச் சொல்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் தயவில் உன் அம்மாவாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த முறை எதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெங்களூரில் உன் அறையில் இப்போது நான்கு பேர் வாசிக்கிறீர்கள் என்றாய். நீ பாடுகிறாய், ஒருவன் வயலின், ஒருவன் கிட்டார், ஒரு பெண்ணும் பாடுகிறாள் என்றாய். யார் அந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை, அதை மட்டும் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள். உன் குரல், அவள் குரல், வயலின், மூன்றுக்கும் மைக் வேண்டும். கிட்டாருக்கு வயர் போதும், ஆனாலும் ஒரு துளை வேண்டும். அதனால் இரண்டு போதாது. நான்கு என்று அட்டையில் போட்டிருக்கிறது என்பதற்காகவும் வாங்கிவிடாதே. பெட்டியின் முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் பார்த்து, மூன்று கால் உள்ள மைக் வயர் போகிற துளை எத்தனை என்று எண்ணு. நான்கிலும் மைக் போக வேண்டும். நாற்பத்தெட்டு வோல்ட் சுவிட்ச் எத்தனை துளைக்கு வேலை செய்கிறது என்றும் பார். ஹெட்ஃபோன் சொருக இரண்டு இடமாவது இருக்கட்டும், பாடுகிற இரண்டு பேரும் தங்கள் குரலைக் கேட்க வேண்டும் அல்லவா. அப்படிப்பட்ட பெட்டிக்குக் கம்ப்யூட்டர் வயரில் வரும் கரண்ட் பெரும்பாலும் பத்தாது, தனி அடாப்டர் வரும். வாடகை அறையில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தாலும் அதில் எர்த் உண்மையில் இணைத்திருக்கிறார்களா என்று ஓனரிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள். இவ்வளவும் எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். உன்னை என் பக்கம் இழுப்பதற்காக அதைப் பயன்படுத்தினேன், உன் பாட்டுக்காகப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், பெட்டி வாங்குவதைப் பற்றியதல்ல. உன்னிடம் யாராவது ரொம்பத் தெரிந்தவர்களைப் போலப் பேசி, இது போதும், அது வேண்டாம் என்று சொன்னால், அது பெற்ற அம்மாவாகவே இருந்தாலும், இதனால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஒரு நிமிடம் யோசி. ஒன்றும் தெரியாமல் உனக்கு எது வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறவர்களைச் சுலபமாகத் தள்ளிவிடாதே. நான் இதை மாலதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளைப் பார்த்து என்று எழுதுவதற்கு இப்போதும் கை இழுக்கத்தான் செய்கிறது.

என் மேல் கோபம் வரும். வரட்டும். நீ கோபப்பட்டால் ஒரு வாரம் பேசாமல் இருப்பாய், அப்பாவிடம் மட்டும் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரத்தை நினைத்துத்தான் மூன்று வருடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். இப்போது அதைவிட, நீ என்னை நம்பிக்கொண்டு என் தங்கையைக் கேலி செய்து சிரிப்பது எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது. அந்தச் சிரிப்பில் நீ என்னைப் போல இருந்தாய்.

இதைப் படித்ததும் முதலில் மாலதியைக் கூப்பிடு. எனக்கு முன்னால் அவளைக் கூப்பிடு. யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு எட்டே முக்கால் மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். நான் இதைச் சொன்னேன் என்று சொல்லு, இல்லாவிட்டால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், கேட்காமல் இருக்க முயற்சி செய்வேன். அவளிடம் பேசிய பிறகு எனக்கு எழுது. திட்டி எழுதினாலும் சரி, இரண்டு வரியாக இருந்தாலும் சரி. ஆனால் சீக்கிரம் எழுது சாமி.

அம்மா